கர்ணன் வேஷம் யாருக்கு?

பங்குனி பிறந்ததும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் வட்டார ஊர்களில் அம்மன் கோயில் விழாக் குழுக்கள் கூடத் தொடங்கும். பந்தல், மைக்செட், அன்னதானம் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். நேரம் இழுப்பது ஒன்றுதான்: இந்த வருஷம் நாடகமா, கச்சேரியா? இந்தப் பக்கத்தில் நாடகம் என்றால் தெருக்கூத்து. கச்சேரி என்றால் மெல்லிசைக் குழு. அதன் ஃபிளெக்ஸ் பலகையில் பாடகர் பெயருக்கு முன்னால் 'டி.வி. புகழ்' என்ற பட்டம் பெரும்பாலும் இருக்கும். நாடகம் என்று முடிவானாலும் வாதம் ஓயாது. எந்த ஜமா (கூத்துக் குழு), வாத்தியார் யார், கர்ணன் வேஷம் யார் கட்டுகிறார்? பெரியவர்கள் ஜமாவின் பெயரைச் சொல்வார்கள். இளைஞர்கள் யூடியூபில் பார்த்த வேஷக்காரரின் பெயரைச் சொல்வார்கள். அவர் வந்தால்தான் கூட்டம் நிற்கும் என்பது ஒரு கட்சி. ஒருவருக்காக வரும் கூட்டம் அவர் வேஷம் கலைத்ததும் எழுந்து போய்விடும் என்பது மறு கட்சி.

இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு. இந்த வாதம் உலகின் பெரிய அரங்குகளிலும் நடந்துகொண்டிருக்கிறது.

2025 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸின் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' மீண்டும் மேடையேறியது. ஆண்ட்ரூ லாயிட் வெபரின் இசையில், டிம் ரைஸின் வரிகளில் 1970இல் இசைத்தட்டாக வந்து, 1971இல் பிராட்வே மேடை கண்ட ராக் இசை நாடகம் அது. இயேசுவாக சிந்தியா எரிவோ, யூதாஸாக ஆடம் லாம்பர்ட். ஒருவர் 'விக்கெட்' படத்தால் உலகறிந்த நடிகை. மற்றவர் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பெயர் பெற்று, குயின் இசைக்குழுவோடு மேடையேறியவர். கறுப்பினப் பெண் ஒருவர் இயேசுவைப் பாடலாமா என்று ஒரு சாரார் கொதித்தார்கள். நாடகத்தை நேசிப்பவர்களுக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. மூன்றே இரவுகள் நடக்கும் மறுமேடையேற்றத்தில் கூட்டத்தைக் கூட்டுவது பாத்திரமா, பெயரா?

முதல் கேள்விக்குத் தமிழ் மேடை என்றோ பதில் சொல்லிவிட்டது. டி.கே. சண்முகம் ஔவைப் பாட்டியாக வேடமிட்டு அந்தப் பெயரையே பட்டமாகப் பெற்றார். 'ஔவை சண்முகம்' என்றால்தான் ஊருக்குத் தெரிந்தது. கே.பி. சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் பாடியதை நம் ரசிகர்கள் ஒரு குறையாகக் கருதியதில்லை. குரல் பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்ததா என்று மட்டுமே கேட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் இன்னும் தீரவில்லை. அதற்கு இங்கே நூறாண்டு வரலாறு இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் இசை நாடகத்துக்கு உருவம் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அவர் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' என்று எழுதிக் குவித்தார். இந்தப் பாடங்கள் எல்லா ஊர் நடிகர்களுக்கும் பொதுவாயின. மதுரையில் இருக்கும் ராஜபார்ட்டும் காரைக்குடியில் இருக்கும் ஸ்திரீபார்ட்டும் முன்பின் சந்திக்காமலேயே ஒரே இரவில் முருகனும் வள்ளியுமாகத் தர்க்கம் செய்ய முடிந்தது. ஸ்பெஷல் நாடகம் இப்படித்தான் பிறந்தது. குழு என்று ஒன்று கிடையாது, ஒத்திகை கிடையாது. ஏஜென்ட் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி முடிப்பார். நோட்டீஸில் அவரவர் படமும் ஊரும் அச்சாகும். பிரபலத்தை வைத்து நாடகம் போடும் முறையை இதைவிட வெளிப்படையாகச் செய்த மேடை உலகில் அரிது.

அந்த முறையின் உச்சம் எஸ்.ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும். 1926இல் இலங்கையில் சேர்ந்து நடிக்கத் தொடங்கிய இணை அது. மறு ஆண்டு மணம் முடித்தார்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்த குரல்கள். இருவர் பெயரும் ஒரே நோட்டீஸில் வந்தால் ஊர் திரண்டது. மக்கள் வந்தது பெயருக்காக. ஆனால் அந்தப் பெயர் மேடையில் விடிய விடிய உழைத்துக் காட்டிய பெயர். கிட்டப்பா 1933இல் 27 வயதில் இறந்தபோது சுந்தராம்பாள் மேடையை விட்டே ஒதுங்கினார்.

அவரைத் திரும்ப அழைத்து வந்தது சினிமா. 'நந்தனார்' படத்துக்காக அவருக்குப் பேசிய ஊதியம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இரண்டு பெரும் பெயர்கள், இரண்டு பெரும் குரல்கள். ஆனாலும் எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனத்தில் படத்தில் வரும் பனைமரத்தையும் எருமையையும் பாராட்டிவிட்டு மனிதர்களின் நடிப்பைக் கிண்டலடித்தார். பெரிய பாடகர் பெரிய நடிகராகிவிடுவாரா என்ற வாதம் அப்போதே பத்திரிகை ஏறிவிட்டது. அந்தக் கிண்டலில் ஒரு பாதி உண்மைதான் இருந்தது. சுந்தராம்பாள் பின்னாளில் 'ஔவையார்' படத்தில், 1953இல், மறு பாதியை நிரூபித்தார். சண்முகம் மேடையில் வாழ்ந்து காட்டிய அதே பாத்திரம் திரையில் வேறொரு புகழ்பெற்றவரிடம் போனது. இருவரில் எவருடைய ஔவையையும் மக்கள் மறக்கவில்லை.

பெயரால் வந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது 'கூத்தாடி' என்பது வசைச்சொல். வழக்கறிஞர்களும் பட்டதாரிகளும் வேடமிட்டார்கள். பின்னாளில் அரசியலில் பெரும் பெயர் பெற்ற சத்தியமூர்த்தி அந்த மேடையில் நடித்தார். அவர்கள் நடிப்பின் தரம் எப்படியிருந்தாலும், நாடகம் பார்ப்பது கௌரவக் குறைவல்ல என்ற எண்ணத்தை அந்தப் பெயர்கள்தான் நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுபோயின. இன்று ஒரு தெருக்கூத்து ஜமா திரைப்பட நடிகரையோ சின்னத்திரை முகத்தையோ அழைக்க ஆசைப்படுவதற்குப் பின்னாலும் அந்த மரியாதைக்கான ஏக்கம் இருக்கிறது. அதைப் பேராசை என்று ஒதுக்குவது அநியாயம்.

கெடுதலும் அதே காலத்திலேயே தெரிந்தது. பெயர் பெற்ற நடிகர்களின் கட்டுப்பாடின்மையில் சலித்துத்தான் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடகம் பழக்கத் தலைப்பட்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. பாடத்தை மீறிப் பேசுவது, எதிரில் நிற்பவரைப் பாட்டால் மடக்கிக் கைதட்டல் வாங்குவது, நேரத்துக்கு வராமலிருப்பது. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய பால சபையில் சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனிகள் என்று பெருகிய அந்தப் பள்ளிகளிலிருந்துதான் எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் வந்தார்கள். பிரபலங்களின் தொல்லைக்கு மாற்றாக உருவான பயிற்சி முறையே தமிழகத்தின் மிகப் பெரிய பிரபலங்களை உருவாக்கியது என்பது இந்த வரலாற்றின் சுவையான முடிச்சு.

அவர்கள் சினிமாவில் உச்சம் தொட்ட பிறகும் மேடைக்கு வந்தார்கள். சிவாஜி 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தைப் படத்துக்கு முன்பே மேடையில் நடத்தினார். எம்.ஜி.ஆர். 1959இல் சீர்காழியில் 'இன்பக் கனவு' நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது கால் முறிந்தது. திரையில் வில்லனாகப் பெயர் வாங்கிய ஆர்.எஸ். மனோகர் அந்தப் பெயரையும் பணத்தையும் 'இலங்கேஸ்வரன்' போன்ற புராண நாடகங்களில் கொண்டுவந்து கொட்டினார். இவர்களைப் பார்க்க வந்த கூட்டம் சினிமா முகத்தைப் பார்க்க வந்த கூட்டம்தான். ஆனால் வந்த முகங்களுக்கு மேடை புதிதல்ல. ஒரு பாட்டுக்குத் தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களும் அல்ல.

கூத்து வேறு வகை. இங்கே பெயரும் குழுவும் பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கின்றன. பாரத விழா நடக்கும் ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் ஆட்டம் வெளுக்கும்வரை போகும். கர்ணனும் துரியோதனனும் தோள்கட்டையும் கிரீடமும் ஏற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகியதும் கிறுக்கி என்னும் சுழலாட்டத்தில் சுற்றி வருவதைக் காணத்தான் கூட்டம் காத்திருக்கிறது. அந்தப் பாட்டின் ஒவ்வொரு அடியையும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். முகவீணை, ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், தாளம் எல்லாம் வேஷக்காரரின் மூச்சை அறிந்து ஓட வேண்டும். கட்டியக்காரன் நடுவில் புகுந்து இன்றைய செய்தியைச் சொல்லி ஜனங்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாரம் கட்டிய வேஷக்காரர் நடுநிசியில் களைத்தால் தூக்கி நிறுத்துவது பின்பாட்டு. வெளியிலிருந்து வரும் ஒரு நட்சத்திரம் வசனத்தை மனப்பாடம் செய்துவிடலாம். இந்தப் பிணைப்பை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

கற்றுக்கொள்ள மனமிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணங்கள் பக்கத்திலேயே உண்டு. செய்யாறு அருகிலுள்ள புரிசை கிராமத்தின் கண்ணப்பத் தம்பிரான், ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குப் பயிற்சி தந்தார். அந்தப் பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் திரைக்குப் போனார்கள். அதே புரிசை மரபின் சம்பந்தன் தம்பிரானிடம் பாரிஸின் தியாத்ர் த்யு சொலெய் குழு தெருக்கூத்து கற்றது; அரியான் ம்னூஷ்கின் இயக்கி 2016இல் வெளியான அவர்களுடைய நாடகத்தில் மகாபாரதக் கூத்துக் காட்சிகள் தமிழிலேயே ஒலித்தன. உலகப் புகழ் பெற்ற குழு அது. பெயரைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளாமல், வாத்தியார் முன்னால் மாணவர்களாக உட்கார்ந்தார்கள்.

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் வளர்த்த கட்டைக்கூத்துச் (தெருக்கூத்தின் இன்னொரு பெயர்) சங்கம் இன்னொரு வழியை முயன்றது. 1990இல் கலைஞர்கள் சேர்ந்து அமைத்த சங்கம் அது. 2017–18 காலகட்டத்தில் கர்நாடக இசைக் கலைஞர்கள் சங்கீதா சிவகுமாரும் டி.எம். கிருஷ்ணாவும் அந்தக் கலைஞர்களோடு ஒரே மேடையில் பாரதக் கதையைப் பாடினார்கள். வித்வானின் பெயர் சென்னை சபா ரசிகரைக் கட்டைக்கூத்தின் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தது. அங்கே வித்வான் கூத்துக்காரரின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கூத்துக்காரரின் உரத்த குரலுக்குப் பக்கத்தில் தன் குரலை வைத்தார். அரண்மனைச் சபையில் திரௌபதி கேட்ட நியாயத்தை இரண்டு இசையும் வேறு வேறு விதமாகக் கேட்டன. பிரபலத்தை அழைப்பதில் இதைவிட நாகரிகமான முறையை இந்த வட்டாரம் இன்னும் காணவில்லை.

வெளிநாட்டு அனுபவத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 'சூப்பர்ஸ்டார்' இசைத்தட்டிலேயே இயேசுவாகப் பாடியவர் டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன். ராக் பாடகருக்காகவே எழுதிய பாத்திரத்தை ராக் பாடகர் பாடுவதில் யாருக்கும் குறை தோன்றவில்லை. மும்பையில் 1974இல் அலிக் பதம்ஸி அதை மேடையேற்றியபோதும் இயேசுவாக மதுகர் சந்திர தாஸ், யூதாஸாக நந்து பெண்டே என்று ராக் குழுக்களில் பாடிக்கொண்டிருந்த குரல்களைத் தேடிப் பிடித்தார். இந்தி சினிமா முகங்களைத் தேடவில்லை. 2018இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் ஜான் லெஜண்ட் இயேசுவானார். கூட்டத்தைக் கூட்டியது அவர் பெயர். யூதாஸாக வந்து மேடையைத் தன்வசப்படுத்தியவர் மேடை நாடகத்திலேயே வளர்ந்த பிராண்டன் விக்டர் டிக்ஸன் என்று பலர் கருதினார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே வாதத்தின் இரு பக்கமும் அடங்கியிருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் டிக்ஸனை அத்தனை லட்சம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். டிக்ஸன் போன்றவர்கள் இல்லாவிட்டால் பார்த்தவர்களுக்கு நாடகம் என்று ஒன்று கிடைத்திருக்காது.

லண்டன் பல்லேடியம் அரங்கில் 2025 கோடையில் நடந்த 'எவிடா' இசை நாடகம் இன்னொரு சிக்கலைக் கிளப்பியது. ஜேமி லாயிட் இயக்கத்தில் நடித்த ரேச்சல் ஸெக்லர் நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற பாட்டை அரங்கத்தின் வெளிமாடத்தில் நின்று தெருவில் கூடியவர்களுக்குப் பாடினார்; உள்ளே காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் அதைத் திரையில் பார்த்தார்கள். சிலருக்குக் கோபம். தெருவில் நின்றவர்களுக்குக் கொண்டாட்டம். தெருவிலேயே பிறந்த கூத்தை அறிந்த தமிழ் ரசிகருக்கு இதில் தெருவின் பக்கம்தான் மனம் சாயும். வாழ்நாளில் பல்லேடியம் சீட்டு வாங்க முடியாதவர் ஒரு நாள் மாலையில் அந்தக் குரலை நேரில் கேட்டார் என்பது சிறிய விஷயமல்ல.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலை வட்டாரத்துக்குத் திரும்பினால், வாதம் புகழைப் பற்றியது மட்டுமல்ல என்பது புரியும். இங்கே நேரமும் ஒரு கட்சியாகி நிற்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு. செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் என்று கூத்து விளைந்த ஊர்களின் பிள்ளைகளே இந்த ஆலைகளின் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். விடியும் முன்பே காலை ஷிஃப்ட்டுக்குப் பஸ் வந்துவிடும். 'கர்ண மோட்சம்' கூத்தில் கர்ணன் உயிர்விடும் நேரமும் அதுதான்.

அதனால் பல ஊர்களில் கூத்தைச் சுருக்கச் சொல்லும் குரல் கேட்கிறது; மேடை விழாக்களிலோ ஒன்றிரண்டு மணி நேரத்துக்கே இடம். சுருக்கும்போது எதை வெட்டுவார்கள் என்பதில்தான் பிரபலத்தின் விலை தெரிகிறது. பெயர் பெற்ற வேஷக்காரரின் திரைப் பிரவேசத்தை யாரும் வெட்ட மாட்டார்கள். அதற்காகத்தானே பணம் கட்டியிருக்கிறது. மனைவி பொன்னுருவி கர்ணனிடம் வழக்காடும் கட்டம் குறுகும். கட்டியக்காரன் ஊர் நடப்பைப் பேசும் இடம் குறுகும். பின்பாட்டு வெறும் துணையாகிவிடும். மிச்சமிருப்பது புகழ்பெற்ற பிரவேசங்களின் தொகுப்பு. அதில் கர்ணன் ஏன் செத்தான் என்று கேட்கும் சிறுவனுக்குப் பதில் கிடைக்காது. பெயரை அழைப்பதில் இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான். நட்சத்திரம் மோசமாக நடிப்பது ஓர் இரவின் நஷ்டம். நட்சத்திரத்துக்காகக் கதையை நறுக்குவது அடுத்த தலைமுறையின் நஷ்டம்.

பணமும் அப்படியே. நட்சத்திரத்துக்கும் ஒலி ஒளிக்கும் போக மிஞ்சியதுதான் முகவீணைக்காரருக்கும் தாளக்காரருக்கும். சினிமா நடிகர் சங்கத் தேர்தல் வந்தால் மட்டும் மாவட்டந்தோறும் இருக்கும் நாடக நடிகர்களின் வாக்கைத் தேடி நட்சத்திரங்கள் போவது வழக்கம். 2019 தேர்தலில் ஓர் அணி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரையே வைத்துக்கொண்டது. அந்த உறவு வாக்குப் பெட்டியோடு நிற்காமல் மேடைக்கும் நீள வேண்டும் என்று நாடகக்காரர்கள் எதிர்பார்ப்பதில் தவறே இல்லை.

பிரபலத்தை அழைக்க நினைக்கும் விழாக் குழு நான்கு காரியத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். வருபவர் குறைந்தது சில நாள் ஜமாவோடு உட்கார்ந்து பழக வேண்டும். ஒலிப்பதிவுக்கு வாயசைக்காமல் தன் குரலில் பாட வேண்டும். நோட்டீஸில் பின்பாட்டும் முகவீணையும் பெயரோடு வர வேண்டும். கூலியும் அந்த வரிசைப்படி முதலிலேயே பேசி முடிக்கப்பட வேண்டும். கிட்டப்பா காலத்து மேடையில் ஆர்மோனியம் காதர் பாட்சாவுக்குத் தனி ரசிகர் கூட்டம் இருந்தது. பக்கவாத்தியத்துக்குப் பெயர் கொடுத்ததால் ராஜபார்ட்டின் ஒளி மங்கிவிடவில்லை.

பயிற்சி தரும் இடம்தான் இப்போது குறைந்துவிட்டது. புஞ்சரசந்தாங்கலில் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்பித்த கட்டைக்கூத்து குருகுலம் 2002இல் தொடங்கி 2020 வரை நடந்தது; பெண் குழந்தைகளும் அங்கே கட்டை வேஷம் கட்டினார்கள். அதைப் போல் இன்னொன்றை நடத்தப் பணம் இந்த ஆலை வட்டாரத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதன் 7ஆம் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளின் வளர்ச்சியும் அனுமதிக்கப்பட்ட இனங்களில் ஒன்று. ஆலைகளின் ஆயுதபூஜை மேடைக்கு டி.வி. முகத்தை அழைக்கும் அதே ஊழியர் நலக் குழுக்கள், தம் நிறுவனத்தின் சமூகப் பணிப் பிரிவிடம் ஒரு விண்ணப்பம் வைக்கலாம்: ஆண்டுக்கு ஒரு ஜமாவின் பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் காலச் சம்பளம், ஒரு முகவீணை ஆசிரியர், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு மறுநாள் விடுப்போடு முழு இரவுக் கர்ண மோட்சம்.